இரண்டாவது பொன்னாடை

ரெகன்ஸ்பூர்க், ஜெர்மனி
24.06.2024

அன்னதானச் செம்மல் நித்தியானந்தன் அவர்களுக்கு,

நான் கஜலக்சுமி. உங்கள் மனைவி. பெயரையும் உறவையும் சேர்த்தே எழுதுகிறேன். போன கிழமை விழாவில் நீங்கள் பேசியதைக் கேட்டவர்களுக்கு, உங்களுக்கு இரண்டுமே மறந்துபோய்விட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

நான் காணாமல் போகவில்லை. பொலிசுக்குப் போன் அடிக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் உங்கள் எண்ணை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள், முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் கத்த முடியாது, குறுக்கே பேச முடியாது. நடுவில் யாராவது வந்து "அக்கா, ஒரு தேத்தண்ணி" என்று கேட்டு என்னைக் குசினிக்கு எழுப்பவும் முடியாது.

பாடனில் நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில், துணி மடிக்கிற அறையில் ஒரு கலண்டர் தொங்குகிறது. இந்த ஊரின் பழைய கல்பாலம்தான் ஆனி மாதப் படம். எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவரும் இங்கே இல்லை. அது போதும் என்று வந்துவிட்டேன். சேர்ந்து கிடந்த விடுமுறையை ஒரேயடியாக எடுத்தேன், போதாததற்குச் சம்பளமில்லாத லீவும் கேட்டு வாங்கினேன். பழைய ஊருக்குள், பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்து. அதில் மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு சின்னக் குசினி. ஹோட்டல் இல்லை. தங்குகிறவர்களே சமைத்துச் சாப்பிட வேண்டிய வீடு. சுவர் கோட்டைச் சுவர் மாதிரித் தடிப்பு. நிலம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, தக்காளிப்பழம் ஒன்று விழுந்தால் யன்னலடிக்கு உருண்டு போய் நிற்கிறது.

ஏன் வந்தேன் என்று உங்களுக்கு உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். அதனால் சொல்கிறேன். கோயில் குசினிக்குப் பதினைந்து வருசம் நிறைந்த விழா. நிர்வாக சபைத் தலைவர் என்று உங்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் பட்டமும் தந்தார்கள். நான் பின்னால் பெரிய சமையல் கிடாரம் கழுவிக்கொண்டு நின்றேன். உங்கள் குரல் கேட்டுக் கை ஈரத்தோடு வாசல்வரை வந்தேன். அடுப்பு வாங்கித் தந்தவருக்கு நன்றி சொன்னீர்கள். மரக்கறி ஏற்றி வந்த வானுக்கு நன்றி சொன்னீர்கள். வானுக்கு! சமைத்தது யார் என்று மட்டும் உங்கள் வாயில் வரவில்லை. நான் திரும்பிப் போய் மிச்சக் கிடாரத்தைக் கழுவி முடித்தேன். அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

திருவிழாவுக்கு முதல், அதே மைக்கில், சமைத்தது யார் என்று சொல்லுங்கள். சொன்னால் வருவேன். இல்லையென்றால் திருவிழாச் சமையலைப் பட்டம் வாங்கியவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கஜலக்சுமி


பாடன், சுவிஸ்
29.06.2024

ஜெனனியின் அம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். நீர் நலமோ என்று கேட்கவும் இப்போது மனம் வரவில்லை.

உமது கடிதம் கிடைத்தது. மூன்று முறை வாசித்தேன். ஒரு பொன்னாடைக்காகக் குடும்பப் பெண் ஒருத்தி வேறு நாட்டில் போய் அறை எடுத்துத் தங்குவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. கணவன் வாங்கினால் மனைவி வாங்கியது மாதிரித்தானே? அந்தப் பொன்னாடையை நான் கடையிலா விற்றேன்? வீட்டுக்குத்தானே கொண்டுவந்தேன்? உமது அலுமாரியில், உமது சேலைகளுக்கு மேலேதானே வைத்தேன்?

அடுப்புத் தந்தவர் முன்வரிசையில் இருந்தார். அவரைச் சொல்லாமல் விட முடியுமோ? வான் கொடுத்தவர் அடுத்த முறையும் கொடுக்க வேண்டும். பொதுக் காரியம் என்பது அப்படித்தான். வீட்டு ஆட்களுக்கு மேடையில் நன்றி சொன்னால் சனம் சிரிக்கும். உருத்திரமூர்த்தி செயலாளராக எத்தனை வருசம் இருக்கிறார், ஒரு நாளாவது தன் மனுசியின் பெயரை ஒலிவாங்கியில் சொல்லியிருக்கிறாரோ?

பன்னிரண்டாம் திகதி கொடியேற்றம். இருபதாம் திகதி தேர். நூற்றுக்கணக்கான சனம் சாப்பிட வரும். கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளும். கேட்பவர்களுக்கு நீர் ஜெனீவாவில் ஜெனனியோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதைக் கெடுத்துவிட வேண்டாம்.

நித்தியானந்தன்

பி.கு: கீழே உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பு எங்கே? எங்கள் முறை எந்த நாள்? நேற்று நான் உடுப்புக் கூடையோடு போக, மேல்வீட்டு மனுசி மெஷினுக்கு முன்னால் நின்று டொச் மொழியில் ஏதோ பேசினாள். நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை.


ரெகன்ஸ்பூர்க்
04.07.2024

செம்மல் அவர்களுக்கு,

திறப்பு அது எப்போதும் தொங்குகிற ஆணியில்தான் தொங்குகிறது. முறை செவ்வாய்க்கிழமை. இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து செவ்வாய்தான்.

பொன்னாடையை என் அலுமாரியில் வைத்ததற்கு நன்றி. சாமான் வைக்கிற இடமாகவாவது என்னை நினைத்திருக்கிறீர்கள்.

இங்கே முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டிக்குள் கறித்தூளும் பருப்பும் கொண்டுவந்திருந்தேன். அரிசி இங்கே ஒரு துருக்கிக் கடையில் வாங்கினேன். கை தன்பாட்டில் அள்ளிப் போட்டது. சோறு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து அடுப்பெல்லாம் வழிந்தது. வீட்டுக்காரி ஃபிராவ் ஹூபர் மணம் பிடித்து மேலே ஏறி வந்தாள். கறி மணத்துக்குச் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கட்டிலைப் பார்த்தாள். "எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள்? ஒருவருக்குத்தானே பதிவு செய்தீர்கள்?" என்று கேட்டாள். நான் ஒருத்திதான் என்று சொல்ல, அவள் நம்பவில்லை. குளியலறைக் கதவையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் எனக்கென்று ஒருநாளும் சமைத்ததில்லை. கலியாணம் முடித்த கையோடு உங்கள் நண்பர்கள். அகதி முகாமில் உங்கள் ஊர்ப் பெடியள். பிறகு சங்கம், பிறகு கோயில். வெள்ளிக்கிழமை வந்தால் கூட்டம் எங்கள் வீட்டில்தான், ஏனென்றால் "இஞ்சை அக்கா சமைப்பா." கடைசி ஆள் கை கழுவிய பிறகு, ஆறிப்போனதை நான் நின்றபடி சாப்பிடுவேன். இங்கே கத்தரிக்காயைப் பொரித்து, சோற்றை ஆவி பறக்கப் போட்டு, யன்னலடியில் கதிரையைப் போட்டு இருந்து சாப்பிடுகிறேன். வாய் சுடுகிறது. இவ்வளவு ருசியாகச் சமைக்கிறவளையா இந்த மனிதன் ஒரு வானுக்குப் பின்னால் தள்ளினான் என்று ஒவ்வொரு வாய்க்கும் கோபம் வருகிறது.

எனக்கு உங்களோடு சமாதானம் வேண்டாம். உங்களுக்கு நோக வேண்டும். எனக்கு நொந்த இடத்தில், எனக்கு நொந்த அளவுக்கு. மைக்கில் சொல்லுங்கள் என்று கேட்டதும் அதற்காகத்தான். அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நோகும் என்று எனக்குத் தெரியும்.

கஜலக்சுமி


பாடன்
09.07.2024

ஜெனனியின் அம்மாவுக்கு,

ஒரு நல்ல செய்தியோடு எழுதுகிறேன்.

முதலில், நீர் ஜெனீவாவில் என்று நான் சொன்னது பிடிபட்டுவிட்டது. பாலேந்திரன் வேலை விசயமாக ஜெனீவா போன இடத்தில் ஜெனனியை பஸ்ஸில் கண்டிருக்கிறான். "அம்மா சுகமோ?" என்று கேட்க, அவள் "அம்மா பாடனிலைதானே" என்று சொல்லியிருக்கிறாள். அவன் சபைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டான். நான் என்ன செய்வது? மனுசி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று தலைவர் சொல்ல முடியுமோ? உமக்கு வேலைப் பளுவால் மனம் கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறது, டொக்டர் ஜெர்மனியில் ஒரு ஓய்வு இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று சொன்னேன். உமது மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன். எல்லோரும் மிகவும் கவலைப்பட்டார்கள். உருத்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி நல்ல செய்தி. ஐயர் தானாகவே முன்வந்து வெள்ளிக்கிழமைப் பூசையில் உமது சுகத்துக்காக ஒரு அர்ச்சனை செய்தார். பெயர், நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். ஒலிவாங்கியில் "கஜலக்சுமி, உத்தர நட்சத்திரம்" என்று தெளிவாக வந்தது. கோயில் நிறையச் சனம் இருந்தது. ஆகவே உமது பெயர் அதே ஒலிவாங்கியில் சொல்லப்பட்டுவிட்டது. உமது நிபந்தனை நிறைவேறியது என்றே நான் கருதுகிறேன்.

பன்னிரண்டாம் திகதிக்குள் வந்து சேரும். கொஞ்சம் மெலிந்த மாதிரி வந்தால் நல்லது.

நித்தியானந்தன்


ரெகன்ஸ்பூர்க்
14.07.2024

நித்தியானந்தன்,

"அவர்களுக்கு" என்று எழுதக் கை வரவில்லை.

என்னைப் பைத்தியம் ஆக்கிவிட்டீர்கள். மெலிந்து வரச் சொல்லியும் எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று மத்தியானம் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் ஜெனனி. உங்களிடம் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு ஜெனீவாவிலிருந்து நேரே வந்திருக்கிறாள். மூன்று மாடி மரப்படியையும் ஓடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, கண் சிவந்துபோய் நின்றாள். யாரோ அவளுக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மாவைக் கிளினிக்கிலை போட்டிருக்காம், உனக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார்கள். வழி முழுக்க அழுதுகொண்டு வந்திருக்கிறாள் பிள்ளை. உங்கள் பொய்க்கு அவள் ஏன் அழ வேண்டும்?

அவளை இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். மேசையில் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் பயற்றங்காய்க் கறியும் அப்பளமும் இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் தனிய இருந்து சாப்பிடுறீங்களோ?"

"ஓம்."

"அப்ப உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?"

"பசி இருக்கு. வேறை ஒண்டும் இல்லை. நீயும் சாப்பிடு."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்த பிறகு, "அந்த விழாவுக்கு நானும் வந்தனான்தானே அம்மா. அப்பா பேசேக்கை நான் வீடியோ எடுத்தனான். உங்கடை பேர் வரேல்லை எண்டு எனக்கும் தெரியேல்லை" என்றாள். பிறகு அழுதாள். உங்கள் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு எல்லை இருந்தது, நேற்று அதுவும் போய்விட்டது.

அர்ச்சனையில் என் பெயர் வந்ததாம், நிபந்தனை நிறைவேறியதாம். நோயாளி என்று சொல்லத்தான் உங்களுக்கு என் பெயர் ஞாபகம் வந்திருக்கிறது.

நான் தேருக்கு வரமாட்டேன். ஆனால் இங்கே இருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று காலை, குசினியில் என்னோடு நிற்கிற யசோதராவோடும் மற்ற மூன்று பேரோடும் கதைத்தேன். பொய் சொல்லவில்லை, அழவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன். அதைத் தேரன்று நீங்களே காண்பீர்கள்.

கஜலக்சுமி


பாடன்
22.07.2024

ஜெனனியின் அம்மாவுக்கு,

உமக்குக் கடவுள் பயம் இல்லையோ?

தேரன்று காலை ஏழு மணிக்குக் குசினியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எட்டு மணியாகியும் ஒருத்தியும் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். நாலு பேரும் முன்வரிசையில் இருக்கிறார்கள்! பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கழுத்தில் நகை. பாலேந்திரனின் மனுசியைக் கூப்பிட்டேன். "தங்கச்சி, நேரம் போகுது, உலை வைக்கேல்லையோ?" என்று கேட்டேன். அவள் எழும்பவும் இல்லை. "அண்ணை, நாங்கள் இண்டைக்குக் கும்பிட வந்தனாங்கள்" என்றாள். கோபிசனின் அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

கோயிலுக்கு வந்தவர்களைக் கும்பிட வேண்டாம் என்று சொல்ல முடியுமோ?

நானும் உருத்திரமூர்த்தியும் இன்னும் சிலரும் குசினிக்குள் இறங்கினோம். அதை விவரிக்க விரும்பவில்லை. சோறு அடியில் கரி, நடுவில் களி, மேலே அரிசி. சாம்பாரில் உப்பை நானும் போட்டேன், உருத்திரமூர்த்தியும் போட்டார். தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்தபோது வாசலில் சனம் வரிசையில் நிற்கிறது. கடைசியில் பெடியளைக் காரில் அனுப்பிப் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தோம். தேர்த் திருவிழாவுக்குப் பாண்! தூரத்து லா ஷோ-து-ஃபோன் நகரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பாணைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "அன்னதானச் செம்மல் எங்கை, ஒருக்காக் கும்பிட்டிட்டுப் போவம்" என்றார்.

நான் தேரின் வடத்தைத் தொடவே இல்லை. கோயில் தொடங்கிய நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை.

நித்தியானந்தன்


ரெகன்ஸ்பூர்க்
26.07.2024

நித்தியானந்தன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை யன்னலடியில் இருந்து வாசித்தேன். பிறகு கல்பாலத்துக்கு நடந்து போய், அங்கேயும் ஒருமுறை வாசித்தேன். சாம்பார் வந்த இடத்தில் வாய் விட்டுச் சிரித்தேன். பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சொன்ன வசனம், "பட்டுச் சேலை உடுத்துக்கொண்டு போங்கோ" என்பது. அவ்வளவுதான். குசினிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பட்டுச் சேலையோடு யாரும் அடுப்படிக்குப் போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தேரின் வடத்தைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யசோதரா தொலைபேசியில் சொன்னதைக் கேளுங்கள். "அக்கா, தேர் மூலையிலை திரும்பேக்கை ஒருக்கா நிண்டு ஆடுமாம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது." அந்தக் கோயிலில் தேர் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேரும் அது திரும்புவதைக் கண்டதில்லை. மேளச் சத்தம் குசினிச் சுவருக்கு அங்காலே போகும், இங்காலே வரும். அதை வைத்துத்தான் சுவாமி எங்கே நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். அரோகரா கேட்டால் பாயாசத்தை இறக்குவோம். நீங்கள் ஒரு தேரைத் தவறவிட்டீர்கள். அதற்கே கடவுள் பயம் இல்லையோ என்று என்னைக் கேட்கிறீர்கள்.

இங்கே எனக்கு அளவு பிடிபட்டுவிட்டது. ஃபிராவ் ஹூபர் இப்போது குளியலறைக்குள் ஆள் தேடுவதில்லை.

என்னுடைய நிபந்தனை மாறவில்லை. அதே மேடை, அதே மைக். நோயாளி என்றல்ல, சமைத்தவள் என்று.

கஜலக்சுமி


பாடன்
01.08.2024

ஜெனனியின் அம்மாவுக்கு,

இன்று சுவிஸ் தேசிய நாள். வெளியே வெடி கொளுத்துகிறார்கள். நான் யன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

நீர் வென்றுவிட்டீர். நான் பெரிய மனதோடு இதை ஒப்புக்கொள்கிறேன். நேற்று நிர்வாக சபை கூடியது. தேரன்று நடந்ததற்குப் பரிகாரமாக, பத்தாம் திகதி சனிக்கிழமை மாலை ஒரு பாராட்டு விழா வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். உமக்குத்தான். அழைப்பிதழில் உமது பெயர் "திருமதி நித்தியானந்தன்" என்று பெரிய எழுத்தில் வரும். உருத்திரமூர்த்தி உரையாற்றுவார். நானே ஒலிவாங்கியில், பதினைந்து வருடமாக இந்தக் குசினியை நடத்தியவர் எனது துணைவியார் என்று சொல்வேன். எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். "அன்னபூரணி" என்ற பட்டமும் பொன்னாடையும் உண்டு.

நீர் வர வேண்டிய அவசியமில்லை. நீர் சிகிச்சையில் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கொழுகொழு என்று வந்து நின்றால் எனக்கு ஒரு மாதிரிப் போய்விடும். ஆகவே உமது சார்பில் பட்டத்தையும் பொன்னாடையையும் நானே மேடையில் ஏற்றுக்கொள்வேன். ஐயரும் அது பொருத்தம் என்று சொன்னார். படம் எடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீர் புறப்பட்டு வந்தால் சரி.

வேறு யாராவது கணவன் தன் மனைவிக்கு இவ்வளவு செய்வானோ என்று ஒருமுறை யோசித்துப் பாரும்.

நித்தியானந்தன்


பாடன்
11.08.2024

ஜெனனியின் அம்மாவுக்கு,

வருவதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

உருத்திரமூர்த்தி பொன்னாடையை விரித்தார். நான் கழுத்தைக் குனித்துக் கொடுத்தேன். சனம் கை தட்டியது. ஆனால் கை தட்டல் நிற்கவில்லை, கூடிக்கொண்டே போனது. எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் குனிந்தேன். நிமிர்ந்தால் நீர் மேடைப்படியில் நிற்கிறீர்! பட்டுச் சேலையோடு, கையில் பயணப் பையோடு. மெலியவும் இல்லை.

அதற்குப் பிறகு நீர் செய்ததை எதிரிகூட எதிரிக்குச் செய்யமாட்டான். ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கி, "எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, இவர் சொன்னது பொய்" என்று சொன்னீர். சரி, அதோடு விட்டிருக்கலாம். "தலைவர் அவர்களே, என்னோடை குசினியிலை நிண்ட நாலு பேற்றை பேரைச் சொல்லுங்கோ, பொன்னாடையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ" என்று கேட்டு, ஒலிவாங்கியை என் வாயடியில் நீட்டினீர்.

நான் சொன்னேன்: கோபிசனின் அம்மா. பாலேந்திரனின் மனுசி. முன்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லோரும். எத்தனை வருசம் அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், மற்ற இரண்டு பேரையும் எனக்கு "அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை", "பாடனுக்குப் புதிதாக வந்தவ" என்றுதான் இன்றுவரைக்கும் தெரியும். நீர் பரமேஸ்வரி, யசோதரா, தக்ஷிகா, வசந்தமாலா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர்கள் பின்னாலிருந்து ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். பாலேந்திரன்கூடக் கை தட்டினான். பிறகு அந்தப் பொன்னாடையை என் தோளில் நீரே போர்த்து, "முதலாவதோடை சேத்துத் தையுங்கோ, யன்னலுக்குச் சீலையாப் போடலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர். ஸ்டேசனுக்கு.

நான் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். விடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் யாரும் இனி வீட்டுக்கு வரப்போவதில்லை. உமக்குத் திருப்தியோ?

நானும் சும்மா இருக்கவில்லை. இன்று காலை உமது பெரிய சட்டிகள், அண்டா, இடியப்பத் தட்டுகள், அரைக்கும் மெஷின், எல்லாவற்றையும் காரில் ஏற்றிக் கோயில் குசினியில் இறக்கிவிட்டேன். நீர் திரும்பி வந்தாலும் நாலு பேருக்குச் சமைக்க இந்த வீட்டில் பாத்திரம் இல்லை. நீர் பெருமைப்பட்ட குசினி முடிந்தது. அப்போது தெரியும் உமக்கு என் வலி.

நித்தியானந்தன்


ரெகன்ஸ்பூர்க்
16.08.2024

நித்தியானந்தன் அவர்களுக்கு,

திருப்தியோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஓம், திருப்தி. ரயிலில் லிண்டாவ் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த மனுசி தன் பையை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். லிண்டாவுக்குப் பிறகு, மேடையில் உங்கள் முகம் சுருங்கியது கண்ணுக்குள் வந்தது. இனிப் பாவமாக இருக்கும் என்று நினைத்து யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மியூனிக் வந்தது, மாறி ஏறினேன், ரெகன்ஸ்பூர்க்கும் வந்தது. பாவம் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் சொல்லலாம். ஒரு காலமும் இல்லாத அளவு நன்றாக நித்திரை கொண்டேன்.

கோயிலுக்கு நான் இனியும் போவேன். கும்பிடப் போவேன். சமைக்க மனம் வந்தால் சமைப்பேன், அதை நானும் அந்த நாலு பேரும் தீர்மானிப்போம்.

பாத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை வாசித்தபோது முதலில் ஆத்திரம்தான் வந்தது. அந்த அண்டாவை நான் சூரிச்சிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். பிறகு ஆறுதலாக யோசித்தேன். நித்தியானந்தன், கலியாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான். ஊருக்கே சமைக்கிற பாத்திரம் எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட்டது. என்னைப் பழிவாங்க நினைத்து என் வேலையைக் குறைத்திருக்கிறீர்கள். தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டீர்கள்.

நான் வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. அந்த வீட்டில் பாதி என் உழைப்பு, அதை விட்டு ஓடிவிட்டாள் என்று யாரும் கதைக்க நான் இடம் கொடுக்கமாட்டேன். என்னை நீங்கள் தினமும் காண வேண்டும், அதுவும் ஒரு காரணம். மற்ற ஊர்களில் பெண்கள் பழிவாங்கப் பிரிந்து போவார்கள். நான் திரும்பி வந்து இருக்கப்போகிறேன்.

ஆனால் விருந்தாளியாகத்தான் வருவேன். இங்கே கதவின் உட்புறம் ஃபிராவ் ஹூபர் சில விதிகளை ஒட்டி வைத்திருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. தங்குகிறவர் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைக்க வேண்டும். பாவித்த பாத்திரத்தை அன்றே கழுவி வைக்க வேண்டும். வெளியாட்களைக் கூட்டி வருவதென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். தமிழில் எழுதி எங்கள் குசினிக் கதவிலும் ஒட்டப்போகிறேன். அது உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். பல்கனி உள்ள அறை எனக்கு.

இருபத்துநான்காம் திகதி, சனிக்கிழமை பின்னேரம் வந்து சேருவேன். திறப்பு என்னிடம் இருக்கிறது. ஆனாலும் மணிதான் அடிப்பேன். எழும்பி வந்து திறவுங்கள்.

கஜலக்சுமி